அமெரிக்கக் கேம்பஸில் எதைப் பேசலாம், பேசினால் என்ன ஆகும்: புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு

அமெரிக்காவுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளிடம் இரண்டு விதமான நம்பிக்கைகளைப் பார்க்கிறேன். ‘இது ஃப்ரீ கன்ட்ரி, யாரும் எதையும் பேசலாம்’ என்பது ஒன்று. ‘விசாவில் வந்திருக்கிறோம், வாயைத் திறந்தால் அடுத்த ஃப்ளைட்டில் ஏற்றிவிடுவார்கள்’ என்பது இன்னொன்று. முதலாவதை நம்புகிறவர் வாட்ஸப் குரூப்பில் எதையோ எழுதிவிட்டு டீன் அலுவலக வாசலில் உட்கார்ந்திருப்பார். இரண்டாவதை நம்புகிறவர், தன்னைக் கேவலமாகப் பேசியவன் மேல் ஒரு புகார்கூடக் கொடுக்காமல் அதே லேபில் வருடக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்.

‘இதைப் பேசலாமா?’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘இதைப் பேசினால் யார் என்னை என்ன செய்ய முடியும்?’ என்று கேட்டுப் பழகுங்கள். உங்களை ஏதாவது செய்யக்கூடியவர்கள் நான்கு பேர்: அரசு, பல்கலைக்கழகம், வேலை கொடுக்கப்போகிறவர், விசா அதிகாரி. ஒவ்வொருவருக்கும் விதி வேறு, கைநீளமும் வேறு. ஒருவர் தொட முடியாத பேச்சை இன்னொருவர் தாராளமாகத் தொடலாம். கீழே வருவதெல்லாம் அந்த நான்கு பேரைப் பற்றித்தான்.

படி 1: உங்கள் பல்கலைக்கழகம் யாருடையது என்று பாருங்கள்

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், பேச்சுக்காக அரசு உங்களைத் தண்டிப்பதைத் தடுக்கிறது. அரசை மட்டும்தான். மாநில அரசின் பல்கலைக்கழகமும் அரசுதான் என்பதால் அதற்கும் இந்தத் தடை பொருந்தும். தனியார் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தாது.

பெயரை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அரிசோனா ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம், யுடி டாலஸ், பஃபலோ எல்லாம் அரசுப் பல்கலைக்கழகங்கள். நார்த்ஈஸ்டர்ன், என்.ஒய்.யு., கார்னகி மெலன் தனியார். யு.எஸ்.சி. என்கிற சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கேட்பதற்கு மாநிலப் பல்கலைக்கழகம் போல இருக்கும், ஆனால் தனியார். பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் தனியார்தான். பென் ஸ்டேட் அரசு சார்ந்தது.

தனியார் இடத்தில் உங்களுக்கு உரிமையே இல்லை என்று அர்த்தமில்லை. அங்கே உங்கள் உரிமை மாணவர் கையேட்டில் இருக்கிறது. கருத்துச் சுதந்திரம் தருவதாக அதில் எழுதியிருந்தால், அது பல்கலைக்கழகம் உங்களுக்குக் கொடுத்த வாக்கு. பல மாநிலங்களில் நீதிமன்றம் அதை ஒப்பந்தம் போலவே பார்க்கும். கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், 1992-ல் லெனர்ட் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மத நிறுவனங்கள் நடத்தாத தனியார் கல்லூரிகளும் முதல் திருத்தத்தின் அளவுகோலை மதிக்க வேண்டும் என்கிறது அது. ஸ்டான்ஃபோர்டின் பேச்சு விதிகள் 1995-ல் நீதிமன்றத்தில் விழுந்தது இந்தச் சட்டத்தால்தான்.

ஓரியன்டேஷன் வாரத்தில் எல்லாரும் பேங்க் அக்கவுன்ட், சிம் கார்டு என்று அலைவார்கள். அதற்கு நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி ‘ஸ்டூடன்ட் கோட் ஆஃப் கான்டக்ட்’ என்ற மாணவர் நடத்தை விதி ஆவணத்தைப் பல்கலைக்கழக இணையதளத்தில் தேடிப் படித்துவிடுங்கள். ஹாராஸ்மென்ட், டிஸ்ரப்ஷன், த்ரெட் என்ற மூன்று தலைப்புகளையும், விசாரணை எப்படி நடக்கும் என்ற பகுதியையும் படித்தால் போதும். சேரும்போது ‘படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்று டிக் அடித்தீர்களே, அது இதைத்தான்.

படி 2: மனதைப் புண்படுத்தும் பேச்சுக்கும் பாதுகாப்பு உண்டு

நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. இந்தியாவில் பிரிவினருக்கிடையே பகை வளர்க்கும் பேச்சுக்கும், மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கும் தனித்தனியே குற்றப் பிரிவு இருக்கிறது. முன்பு 153ஏ, 295ஏ என்று இருந்தவை இப்போது நியாய சன்ஹிதாவில் 196, 299. அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. ‘ஹேட் ஸ்பீச்’ என்று செய்தியில் தினமும் கேட்பீர்கள், ஆனால் அது தனிக் குற்றம் இல்லை. ஆசிய அமெரிக்க இசைக்குழு ஒன்று, ஆசியர்களை இழிவுபடுத்தும் சொல்லையே தன் பெயராகப் பதிவு செய்யக் கேட்ட வழக்கில், 2017-ல் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பவும் உறுதி செய்தது.

கல்லூரி மாணவர்களுக்கு முக்கியமான தீர்ப்பு 1973-ல் வந்தது. மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்த ஒரு முதுகலை மாணவி கேம்பஸில் ஒரு பத்திரிகை விநியோகித்தார். அட்டையில் போலீஸ்காரர்கள் சுதந்திர தேவி சிலையைப் பலாத்காரம் செய்வதுபோல ஒரு கார்ட்டூன், உள்ளே கெட்ட வார்த்தையோடு ஒரு தலைப்பு. பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. நாகரிகம் என்ற ஒரே காரணத்தைக் காட்டி, அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தைப் பரப்புவதைத் தடுக்க முடியாது, அது எவ்வளவு ரசக்குறைவாக இருந்தாலும் சரி என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில், ஃப்ரடர்னிட்டி எனப்படும் ஆண் மாணவர் சங்கம் ஒன்று பெண் வேடப் போட்டி நடத்தி, ஒருவன் கறுப்பினத்தவரைக் கேலி செய்வதுபோல முகத்தில் கறுப்புச் சாயம் பூசி மேடையேறினான். கேவலமான நிகழ்ச்சி. பல்கலைக்கழகம் தண்டித்தது. சங்கம் வழக்குப் போட்டது, 1993-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் சங்கமே ஜெயித்தது. மிச்சிகன், விஸ்கான்சின் பல்கலைக்கழகங்கள் எண்பதுகளில் எழுதிய பேச்சு விதிகளும் இப்படித்தான் ஒவ்வொன்றாக ரத்தாகின.

‘அப்படியானால் யார் வேண்டுமானாலும் என்னை இழிவாகப் பேசலாமா?’ என்று கேட்பீர்கள். பொதுவாகப் பேசினால், ஆமாம். உங்களையே குறிவைத்து, திரும்பத் திரும்பப் பேசினால் கதை வேறு.

படி 3: பேச்சு எங்கே குற்றமாகிறது

*மிரட்டல்.* நம் பையன்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ‘நாளைக்கு எக்ஸாம், எவனாவது டிபார்ட்மென்டுக்கு பாம் வைங்கடா’ என்று ஊரில் எழுதினால் நாலு சிரிப்பு எமோஜி வரும். இங்கே போலீஸ் வரும். 2022 செப்டம்பரில் யூட்டா பல்கலைக்கழக மாணவி ஒருவர், எங்கள் ஃபுட்பால் அணி ஜெயிக்காவிட்டால் கேம்பஸில் இருக்கும் அணு உலையை வெடிக்கவைப்பேன் என்று யிக்யாக் செயலியில் பெயர் போடாமல் எழுதினார். நிஜமாகவே அங்கே ஆராய்ச்சிக்கான சின்ன அணு உலை ஒன்று உண்டு. ஆளைக் கண்டுபிடித்துக் கைது செய்துவிட்டார்கள். பெயர் போடாத செயலி போலீஸுக்கும் பெயர் தெரியாத செயலி என்று நினைத்துவிட வேண்டாம். மிரட்டலாக எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தும் அலட்சியமாகப் பேசினாலே போதும், சட்டப் பாதுகாப்பு போய்விடும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. துப்பாக்கி, பாம், சுடுவது, கொளுத்துவது இவற்றை வைத்து எந்த ஜோக்கும், எந்த மொழியிலும், எந்தக் குரூப்பிலும் வேண்டாம். தமிழில் எழுதினால் யாருக்கும் புரியாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். மொழிபெயர்க்கப் போனை நீட்டினால் போதும்.

*தொல்லை.* ஒருவரின் இனம், நிறம், பாலினம், பிறந்த நாடு இவற்றை வைத்து அவரையே குறிவைப்பது. எவ்வளவு மோசமானால் தொல்லை என்பதற்கு 1999-ல் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது. கடுமையாக இருக்க வேண்டும், பரவலாகத் தொடர வேண்டும், சாதாரண மனிதர் யாருக்கும் அருவருப்பாகத் தோன்ற வேண்டும், அதனால் அந்த மாணவருக்குப் படிப்பின் பலனே கிடைக்காமல் போக வேண்டும். ஒரே ஒரு அசட்டு ஜோக் இந்த அளவை எட்டுவது கஷ்டம். ‘வேண்டாம்’ என்று சொன்ன பெண்ணுக்குத் தினமும் மெசேஜ் அனுப்புவது சுலபமாக எட்டிவிடும். அதைக் காதல் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

*கூட்டத்தைக் குலைப்பது.* பிடிக்காத பேச்சாளர் வந்தால் வெளியே பலகை பிடிக்கலாம், கேள்வி நேரத்தில் மடக்கலாம், எழுந்து வெளிநடப்பு செய்யலாம். அவரைப் பேசவே விடாமல் கத்துவது பேச்சுரிமையில் சேராது. 2010-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் கேம்பஸில் இஸ்ரேல் தூதர் பேசியபோது, மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து கத்தினார்கள். 11 பேர் கைது. அடுத்த ஆண்டு அவர்களில் 10 பேரைக் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. தண்டனை சமூக சேவையும் நன்னடத்தைக் கண்காணிப்பும்தான் என்றாலும், குற்றப் பதிவு குற்றப் பதிவுதான்.

*அந்தரங்கம்.* ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010-ல் நடந்ததை இங்கே இருக்கும் இந்தியக் குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. இந்தியாவில் பிறந்த ஒரு முதலாண்டு மாணவர், தன் அறைத்தோழர் இன்னோர் ஆணோடு இருந்ததை வெப்கேம் வழியாகப் பார்த்து ட்விட்டரில் எழுதினார். சில நாளில் அந்த அறைத்தோழர் உயிரை மாய்த்துக்கொண்டார். 2012-ல் தண்டனை, சிறை. வழக்கு மேல்முறையீட்டில் இழுத்து, அதில் ஒரு சட்டமே ரத்தாகி, 2016-ல் அந்தரங்கத்தை மீற முயன்றதாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு முடிந்தது. ஆறு வருடம். அடுத்தவரைக் கேட்காமல் எடுக்கும் எந்த வீடியோவையும் ‘சும்மா ஜாலிக்கு’ என்ற கணக்கில் யாரும் இங்கே எடுத்துக்கொள்வதில்லை.

படி 4: சட்டம் தொடாவிட்டாலும் ஊர் தொடும்

2015 மார்ச்சில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். நாடு முழுவதும் கிளைகள் உள்ள ஒரு ஃப்ரடர்னிட்டி சங்கத்தின் விழாவுக்குப் பேருந்தில் கோட்டு சூட்டோடு போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் எழுந்து நின்று பாட, மற்றவர்கள் கை தட்டிக் கூடவே பாடுகிறார்கள். கறுப்பின மாணவரை மரத்தில் தொங்கவிட்டாலும் விடுவோம், எங்கள் சங்கத்தில் சேர்க்க மாட்டோம் என்ற பொருளில் ஒரு பாட்டு. யாரோ போனில் எடுத்த சில விநாடி வீடியோ ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்தது. அன்று இரவே தேசியத் தலைமை அந்தக் கிளையை மூடியது. செவ்வாய்க்கிழமைக்குள் சங்க வீட்டில் இருந்தவர்கள் மூட்டை கட்ட வேண்டும் என்று உத்தரவு. அதே செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன், பாட்டை முன்னின்று பாடிய இருவரை வெளியேற்றியதாக அறிவித்தார். அந்தப் பாட்டை நான்கு வருடம் முன்பு சங்கத்தின் தேசிய அளவிலான தலைமைப் பயிற்சிக் கப்பல் பயணத்தில் கற்றுக்கொண்டார்கள் என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது.

இது அரசுப் பல்கலைக்கழகம். பாட்டு அருவருப்பானது, ஆனால் எந்தத் தனி மனிதரையும் குறிவைத்துப் பாடியதில்லை. முறையான விசாரணை இல்லாமல் இரண்டே நாளில் வெளியேற்றியது செல்லாது என்று இடதுசாரி, வலதுசாரி வித்தியாசம் இல்லாமல் பல சட்டப் பேராசிரியர்கள் எழுதினார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. பல்கலைக்கழகம் கண்டித்திருக்கலாம், சங்கத்தோடு உறவை முறித்திருக்கலாம், விசாரணை வைத்திருக்கலாம். ஆனால் அந்த மாணவர்கள் நீதிமன்றம் போகவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வழக்குப் போட்டு ஜெயித்திருந்தால்கூட அந்த வீடியோவைத் திரும்பப் பெற முடியுமா?

அதற்கு நான்கு வருடம் முன்பு, 2011-ல், யு.சி.எல்.ஏ. என்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கேம்பஸில் இதற்கு நேர்மாறாக நடந்தது. நூலகத்தில் ஆசிய மாணவர்கள் சத்தமாக போன் பேசுகிறார்கள் என்று, அவர்கள் மொழியைக் கிண்டல் செய்து ஒரு மாணவி வீடியோ போட்டார். பல்கலைக்கழகம் கடுமையாகக் கண்டித்தது, ஆனால் நடத்தை விதி எதையும் அவர் மீறவில்லை என்று சொல்லித் தண்டிக்காமல் விட்டது. சட்டப்படி சரியான முடிவு. அந்த மாணவியோ, வந்து குவிந்த கொலை மிரட்டல்களைத் தாங்க முடியாமல் தானாகவே படிப்பை விட்டுப் போனார்.

வேலை கொடுப்பவர்களின் பக்கம் பாருங்கள். 2023 அக்டோபரில் டேவிஸ் போக் என்ற பெரிய சட்ட நிறுவனம், இஸ்ரேல்–ஹமாஸ் போர் பற்றிய மாணவர் சங்க அறிக்கைகளுக்காக ஹார்வர்ட், கொலம்பியா மாணவர்கள் மூவருக்குக் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றது. இருவர் விஷயத்தில் மறுபரிசீலனை செய்வதாகப் பிறகு சொன்னது. தனியார் நிறுவனத்தை முதல் திருத்தம் கட்டுப்படுத்தாது. சேருவதற்கு முன்பே விழும் அடியும் உண்டு. ஹார்வர்டில் இடம் கிடைத்தவர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு தனிக்குழு தொடங்கி, யூதப் படுகொலையையும் குழந்தைகளின் சாவையும் வைத்து மீம் போட்டார்கள். 2017-ல் குறைந்தது 10 பேரின் அட்மிஷன் ரத்தானது.

படி 5: ஊரிலிருந்து கொண்டுவரும் பழக்கங்கள்

ரூம்மேட் தேடும் வாட்ஸப் குரூப்பில் ஆரம்பிப்போம். ‘ப்யூர் வெஜ் மட்டும்’ என்று எழுதுவது சமையலறை விஷயம், பரவாயில்லை. அடுத்து ‘நீங்க எந்த ஊர்?’ என்று வரும். அப்புறம் ‘ஊர்ல எந்தத் தெரு?’, ‘அப்பா பேரு முழுசா என்ன?’ என்று நகரும். எங்கே போய் நிற்கும் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ப்ராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-ல் சாதியைத் தன் பாகுபாட்டு விதிகளில் சேர்த்தது. அப்போது 23 கேம்பஸ்கள் கொண்டிருந்த கலிஃபோர்னியா ஸ்டேட் அமைப்பு 2022-ல் சேர்த்தது. உங்கள் பல்கலைக்கழகத்தில் ‘சாதி’ என்ற சொல்லே இல்லாவிட்டாலும், வம்சாவளி, பிறந்த நாடு என்ற தலைப்புகளின் கீழ் புகாரை எடுத்துக்கொள்ள முடியும். ஒரு லேபில் நான்கு இந்தியர்கள் இருந்து, அதில் ஒருவரை மட்டும் சாப்பாட்டு மேஜைக்குக் கூப்பிடாமல் விடுவது இங்கே ‘எங்களுக்குள்ள’ விஷயமாக முடிந்துவிடாது.

நிறம். ‘கறுப்பன்’, ‘சப்பை மூக்கு’, ‘வெள்ளைப் பன்னி’ என்று தமிழில் போகிறபோக்கில் விடுவதை நிறுத்துங்கள். ராப் பாட்டில் வருகிறதே என்று கறுப்பினத்தவரைக் குறிக்கும் அந்த ஒரு சொல்லைக் கூடவே பாடாதீர்கள். ஹாலோவீனுக்கு முகத்தில் கறுப்புச் சாயம் வேண்டவே வேண்டாம். அரசுப் பல்கலைக்கழகம் உங்களைத் தண்டிக்க முடியாமல் போகலாம். ஆனால் டி.ஏ. என்கிற வகுப்பு உதவியாளர் வேலை கொடுக்கும் பேராசிரியர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

ராகிங். சிதம்பரத்தில் 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. இங்கே அதன் பெயர் ஹேசிங். பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். கேம்பஸில் நடக்கும் ஹேசிங்கைக் கல்லூரிகள் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்று 2024 டிசம்பரில் மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. இந்திய மாணவர் சங்கத்தில் ஜூனியரை ஆடவைப்பதும் பாடவைப்பதும்கூட இதில் வரலாம்.

படி 6: அந்த மின்னஞ்சல் வந்தால்

டீன் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் அல்லது ஸ்டூடன்ட் கான்டக்ட் அலுவலகத்திலிருந்து, ‘உங்களைப் பற்றி ஒரு புகார் வந்திருக்கிறது, இந்தத் தேதியில் வந்து பேசவும்’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். மரியாதையான, கொஞ்சம் சாதுவான ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அன்று இரவே பதில் எழுதாதீர்கள். எந்த விதி எண்ணின் கீழ் புகார், என்றைக்கு நடந்ததாகச் சொல்கிறார்கள், பதிலுக்குக் கடைசித் தேதி என்ன என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். விவரம் இல்லையென்றால், ‘என் மேல் சொல்லப்படும் குற்றம் என்ன, அதற்கான ஆதாரங்களை எப்போது பார்க்கலாம்?’ என்று இரண்டே வரியில் கேளுங்கள். கடைசித் தேதியைத் தவறவிட்டால் நீங்கள் இல்லாமலேயே முடிவெடுப்பார்கள்.

எதையும் அழிக்காதீர்கள். பயத்தில் முதலில் கை போவது டெலீட் பட்டனுக்குத்தான். எதிராளியிடம் ஸ்க்ரீன்ஷாட் இருக்கும். உங்களிடம் முழு உரையாடல் இருந்தால்தான் முன்னே பின்னே என்ன பேசினீர்கள் என்று காட்ட முடியும். புகார் கொடுத்தவரிடம் நேரிலோ நண்பர் மூலமோ சமாதானம் பேசப் போகாதீர்கள். ஊரில் அது பெரிய மனுஷத்தனம். இங்கே அது பழிவாங்கல் என்று இன்னொரு புகாராக மாறும்.

துணைக்கு ஆள் தேடுங்கள். பல பல்கலைக்கழகங்களில் நீங்கள் கட்டும் ஃபீஸிலேயே நடக்கும் மாணவர் சட்ட உதவி மையம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு எதிராகவே அவர்கள் வாதாட மாட்டார்கள் என்பது பல இடங்களில் விதி, ஆனாலும் ஆலோசனை கிடைக்கும். யார் பக்கமும் சாராமல் குறைகளைக் கேட்கும் ஆம்பட்ஸ் அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அங்கே ரகசியமாகப் பேசலாம். பேச்சுரிமை சம்பந்தப்பட்டது என்றால், 1999-ல் தொடங்கிய ஃபயர் என்ற அமைப்பும், நூறு வருடத்துக்கு மேல் பழைய ஏ.சி.எல்.யு.வும் இத்தகைய வழக்குகளை எடுத்து நடத்துகின்றன. போலீஸ் சம்பந்தப்பட்டால் மட்டும் பேச்சே கிடையாது. வக்கீல் வரும்வரை போலீஸிடமும் பல்கலைக்கழகத்திடமும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல வேண்டாம். டீனிடம் சொன்னது நீதிமன்றத்துக்கு வரலாம்.

விசாரணையில் ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ நிரூபிக்கத் தேவையில்லை. பெரும்பாலான இடங்களில், நடந்திருக்க வாய்ப்பு 50 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினாலே போதும். எச்சரிக்கை, ப்ரொபேஷன், கட்டாய வகுப்பு, சஸ்பென்ஷன், நீக்கம் என்று தண்டனை ஏறிக்கொண்டே போகும். மேல்முறையீட்டுக்குப் பெரும்பாலும் சில நாள்தான் அவகாசம். ‘நான் செய்யவில்லை’ என்று பழைய கதையையே திரும்ப எழுதினால் எடுபடாது. முறை தவறியது, புது ஆதாரம் கிடைத்தது, தண்டனை அதிகம் என்ற மூன்றில் ஒன்றைக் காட்ட வேண்டும்.

குற்றம் என்னவென்று சொல்லி, உங்கள் பக்கத்தைக் கேட்காமல் அரசுக் கல்லூரி உங்களை வெளியேற்ற முடியாது என்ற விதி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1960 பிப்ரவரியில் மான்ட்கமரி நகர நீதிமன்றக் கட்டடத்தின் உணவகத்தில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இடத்தில் கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். அலபாமா ஸ்டேட் கல்லூரி ஒன்பது பேரை விசாரணையே இல்லாமல் நீக்கியது. அவர்களில் சிலர் வழக்குப் போட்டு 1961-ல் வாங்கிய தீர்ப்பு அது. அன்றைக்கு அந்த ஊர் அதிகாரிகள் கண்ணில் அதுதான் ‘ஒழுங்கீனமான மாணவர் நடத்தை’.

படி 7: விசா

அமெரிக்காவில் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுச் சுதந்திரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1945-லேயே சொல்லிவிட்டது. காகிதத்தில் உங்களுக்கும் உள்ளூர் மாணவருக்கும் இதில் வித்தியாசம் குறைவு. நடைமுறையில் நிறைய.

முதலில் சாதாரணக் கணக்கு. மாணவர்களுக்கான எஃப்-1 விசாவின் உயிர் முழுநேரப் படிப்பில் இருக்கிறது. இளங்கலை என்றால் செமஸ்டருக்கு 12 கிரெடிட். உள்ளூர் மாணவரை ஒரு செமஸ்டர் சஸ்பெண்ட் செய்தால் அவர் அம்மா வீட்டுக்குப் போய்ப் பீட்சா கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பலாம். உங்களை சஸ்பெண்ட் செய்தால், செவிஸ் என்கிற அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில் உங்கள் பதிவு முடிந்துவிடும், கிளம்ப வேண்டியதுதான். படிப்பை முடித்தவருக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசம் இதில் கிடையாது. பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் விசா விஷயங்களைப் பார்க்கும் அதிகாரியான டி.எஸ்.ஓ.விடம் முன்கூட்டியே பேசி அனுமதியோடு விலகினால் 15 நாள் உண்டு. அதனால் விசாரணை ஆரம்பித்த உடனே டி.எஸ்.ஓ.வைப் போய்ப் பாருங்கள். தண்டனையை முடிவு செய்பவர்களிடமும், ‘சஸ்பென்ஷன் என்றால் நான் நாட்டை விட்டே போக வேண்டும்’ என்று எழுத்தில் சொல்லுங்கள். பலருக்கு அது உண்மையிலேயே தெரியாது. தெரிந்தால் ப்ரொபேஷனோடு நிறுத்த வாய்ப்பிருக்கிறது.

அடுத்தது அசாதாரணக் கணக்கு. 2025 மார்ச்சில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துருக்கி நாட்டு ஆய்வு மாணவி ஒருவரை முகமூடி அணிந்த அதிகாரிகள் தெருவில் மறித்துக் கைது செய்தார்கள். ஒரு வருடம் முன்பு மாணவர் பத்திரிகையில் மூவரோடு சேர்ந்து எழுதிய, இஸ்ரேலோடு பல்கலைக்கழகம் வைத்திருக்கும் உறவைப் பற்றிய ஒரு கட்டுரைதான் வெளியில் தெரிந்த காரணம். ஆறு வாரத்துக்கு மேல் லூசியானாவில் அடைத்து வைத்திருந்தார்கள், நீதிபதி உத்தரவிட்ட பிறகுதான் விட்டார்கள். அதே மாதம் கொலம்பியாவில் படித்த இந்திய ஆய்வு மாணவி ஒருவர், விசா ரத்தானதும் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, பிரின்ஸ்டனில் கூடாரம் போட்டுப் போராடியதற்காகக் கைதாகிக் கேம்பஸுக்குள் வரத் தடை விதிக்கப்பட்ட இருவரில் ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்தவர் என்று செய்திகள் சொல்லின. கருத்துக்காக வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைத்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2025 செப்டம்பரில் பாஸ்டன் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் ஜெயிப்பதற்குள் ஆள் அடைபட்டுக் கிடந்தார் என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பேசாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மனசாட்சிக்குப் பேச வேண்டிய விஷயம் என்றால் என்ன விலை என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். குடிவரவு வக்கீல் ஒருவரின் எண்ணை ஒரு நண்பரிடம் கொடுத்து வையுங்கள். அனுமதி வாங்கிய இடத்தில் நில்லுங்கள். ‘கலைந்து போங்கள்’ என்று போலீஸ் சொன்ன பிறகு நிற்பது வேறு கணக்கு. பேச்சுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அத்துமீறி நுழைந்த வழக்குக்குக் கிடைக்காது. விசா படிவம் கடந்த ஐந்து வருட சமூக ஊடகப் பெயர்களைக் கேட்கிறது. 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் கணக்கைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். எந்தக் கணக்கையும் மறைக்காதீர்கள். பழைய பதிவால் வரும் சேதத்தைவிடப் பொய்யால் வரும் சேதம் பெரிது.

படி 8: அடி வாங்குவது நீங்களானால்

உச்சரிப்பைக் கிண்டல் செய்கிறார்கள், அறைக் கதவில் எதையோ எழுதி ஒட்டுகிறார்கள், ப்ராஜெக்ட் குழுவில் ‘கறி வாசனை’ என்று தினமும் ஒரு ஜோக். முதலில் தேதி, நேரம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பிக்கொண்டால் நேரம் பதிவாகிவிடும். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்லூரியும், தனியார் உட்பட, இனம், நிறம், பிறந்த நாடு சார்ந்த பாகுபாட்டைக் கவனிக்க வேண்டும் என்கிறது 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாவது பிரிவு. பாலினம் என்றால் 1972-ன் டைட்டில் நைன் என்ற சட்டம். புகார் கொடுத்ததற்காக உங்கள் மேல் கை வைப்பதும் தனிக் குற்றச்சாட்டு. புகார் கொடுத்ததாலேயே விசா போகாது.

அலுவலகத்தில் கேட்கும்போது, ‘அவனைத் தண்டியுங்கள்’ என்று மட்டும் கேட்டால், ‘அது பாதுகாக்கப்பட்ட பேச்சு, எங்களால் முடியாது’ என்று கை விரிக்கலாம். சில சமயம் அது உண்மையும்கூட. தண்டனை இல்லாமலே அவர்களால் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன: அறை மாற்றம், வகுப்புப் பிரிவு மாற்றம், வேறு ப்ராஜெக்ட் குழு, தேர்வுக்குக் கூடுதல் அவகாசம், இருவரும் தொடர்புகொள்ளக் கூடாது என்ற உத்தரவு, கவுன்சலிங். இவற்றில் எது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வாய்மொழியாகச் சரி என்றால், ‘இன்று நீங்கள் ஒப்புக்கொண்டபடி’ என்று ஆரம்பித்து அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.